பழைய டிரைவரைத் தூக்கினால் பஸ் ஓடும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதன் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

நல்ல வெயில் காலம். உள்ளே காற்றாடி கிடையாது. ரிசீவரில் எனக்கு முன்னால் பேசியவரின் தேங்காய் எண்ணெய் வாசனை. லைன் சரியில்லாததால் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"ஒயின் போட்டாச்சு ரமணா! ஒயின்! புது ஒயின்தான். போட்டும் ஓட மாட்டேங்குது!"

மறுமுனையில் ரமணா ஏதோ சொன்னான்.

"டிரைவரா? ஆமா, டிரைவர் மேலதான் எனக்கும் சந்தேகம். பழைய டிரைவர். ரொம்ப மந்தம். தூக்கிடவா?"

தூக்கச் சொன்னான். எப்படித் தூக்குவது என்று ஒவ்வொரு படியாகச் சொன்னான். நான் நோட்டைச் சுவரில் வைத்து எழுதிக்கொண்டே, தப்பு வந்துவிடக்கூடாது என்று திருப்பிச் சொன்னேன்.

"மொதல்ல பழைய டிரைவரை மொத்தமா அழிச்சிடணும்... தடமே இருக்கக்கூடாது... சரி. அப்புறம் புது டிரைவரைக் கொண்டாந்து உக்கார வெக்கணும். அதுக்கப்புறம் ஒயின். சரி, சரி. ராத்திரிக்கு வேணாம், இப்பவே முடிச்சிடறேன்."

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட், நெற்றியில் திருநீறு. தட்டின விரல் கண்ணாடியிலேயே நின்றிருந்தது. மனிதர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் சொல்லிவிட முடியும். கொலை செய்தவளை நேரில் பார்த்தால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவர் அரசு பஸ் டிரைவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. வேறொன்றும் தெரியாது. அதற்கு முன் நான் எதற்காக அந்த பூத்துக்குள் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாயின் மாடி

ஜபருல்லா பாய்க்கு பஜார் தெருவில் பெயிண்ட் கடை. கீழே டிஸ்டெம்பர், வார்னிஷ், பிரஷ். மேலே மாடியில் நாலு கம்ப்யூட்டர். அந்த மாடிக்கு நான்தான் டீச்சர், நான்தான் பியூன், நான்தான் பெருக்குகிறவள். திருமுக்கூடல் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எனக்கு இருபத்து நாலு வயது. மாடியேறி வரும்போது டர்பன்டைன் வாசனை அடித்தால்தான் வேலைக்கு வந்த மாதிரி இருக்கும்.

பாய் சாதுவான மனிதர். ஆனால் ஒரு விஷயத்தில் இரும்பு. திருட்டுச் சாமான் கடைக்குள் வரக்கூடாது.

கம்ப்யூட்டர்களை விற்றவன் அவற்றில் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தான். ஒரு நாள் யாரோ வாடிக்கையாளர் பெயிண்ட் வாங்க வந்த இடத்தில், "பாய், இதெல்லாம் காப்பி அடிச்சது, தெரியுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று பாய் மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் மாடிக்கு வந்து, நாலு பெட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தனம்மா, இது உள்ள கீறது திருட்டா?"

"எல்லாரும் அப்படித்தான் பாய் வெச்சிருக்காங்க."

"எல்லாரையும் பத்தி நான் கேக்கல."

மறுநாளே நாலிலும் துடைத்து எறியச் சொன்னார். வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன பாடம் நடத்துவது என்று நான் முழித்தபோது, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி கிடைத்தது. இலவசம், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், காப்பி அடித்து ஊருக்கே கொடுக்கலாம் என்று நான் சொன்னதும் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படியும் மனுசங்க கீறாங்களா?" என்று கேட்டார்.

இருந்தார்கள். ஆனால் அவர்கள் உத்திரமேரூரில் இல்லை. அதுதான் கஷ்டம்.

லினக்ஸ் என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது. "விண்டோஸ் சொல்லித் தர்ற எடம் கீதா?" என்று கேட்டுக்கொண்டு படியேறி வந்தவர்கள், இல்லை என்றதும் அதே வேகத்தில் இறங்கிப் போனார்கள். மொத்தம் ஏழு பேர் படித்தார்கள். அதில் இரண்டு பேர் பாயின் தங்கை மகள்கள்.

ஒரு நாள் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆடி மாசத்துக்குள்ள இருபது பேரு சேரலேன்னா, மாடிய கோடவுனா மாத்திடலாம்னு கீறேன்மா. தப்பா நெனைக்காத."

நான் தப்பாக நினைக்கவில்லை. பயந்துபோனேன். வேலை போனால் அடுத்து எனக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். ஜாதகம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது.

மைக்கும் சிடியும்

இந்த இடத்தில் ஏகாம்பரம் அண்ணன் வருகிறார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை நோட்டில் எழுதி, விசில் ஊதி அனுப்புகிறவர். அவரிடம் ஒரு மைக் இருந்தது. அதில் அவர் பேசினால் மார்க்கெட் வரைக்கும் கேட்கும்.

அவர் சின்ன வயதில் டிரைவர் வேலைக்குப் போயிருக்கிறார். கண் பரிசோதனையில் சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து பஸ்ஸை அனுப்புகிற வேலைதான். இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

அவருடைய தங்கை வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு சிடி கொண்டுவந்திருந்தார். பஸ் ஓட்டுகிற கேம். நிஜமான பஸ் மாதிரியே கியர், கதவு, ஸ்டாப்பிங், டிக்கெட் எல்லாம் உண்டு. என்ன ஊர், என்ன பாஷை என்று யாருக்கும் புரியவில்லை. எழுத்தின் மேலெல்லாம் புள்ளி வைத்திருந்தது.

ஏகாம்பரம் அண்ணன் அதை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"பாப்பா, இத ஓட வெச்சி குடு. ஓடிச்சின்னா, தினமும் மைக்ல உங்க சென்டர சொல்றேன். ஒவ்வொரு வண்டிக்கும் சொல்றேன்."

பாய் சிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது திருட்டு இல்லியே?"

பில் இருந்தது. ஒட்டின சீல் கூடப் பிரிக்காமல் இருந்தது. பாய் சம்மதித்தார்.

அப்போதுதான் நான் அந்த விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த கேம் விண்டோஸுக்காகச் செய்தது. லினக்ஸில் நேராக ஓடாது. இடையில் ஒரு புரோகிராம் போட்டால், அது விண்டோஸ் மாதிரி நடந்துகொண்டு கேமை ஏமாற்றி ஓட வைக்கும். காஞ்சிபுரம் பக்கம் ஏனாத்தூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த ரமணா என்ற பையன் எனக்கு போனில் சொன்ன வழி அது.

"அதுவும் இலவசம்தானே?" என்றார் பாய்.

"இலவசம்தான் பாய்."

"நல்லதாப் போச்சி. அது பேரு இன்னா?"

நான் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒயின், பாய்."

ஒயினும் சர்பத்தும்

பாய் கீழே இறங்கிப் போய்விட்டார். ஒரு டப்பா பெயிண்ட் கலக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"வேற பேரே கெடைக்கலியா அவங்களுக்கு?"

பேரில் மட்டும்தான் அப்படி, உள்ளே ஒன்றும் இல்லை, ஆங்கிலத்தில் ஒரு நீளமான வாக்கியத்தின் முதல் எழுத்துகள் என்றெல்லாம் விளக்கினேன். ஏகாம்பரம் அண்ணன் தன் பங்குக்கு, "பாய், பல்லி முட்டாய்னு சொல்றோம், அதுல பல்லியா கீது?" என்று கேட்டார்.

பாய் யோசித்தார். அவர் யோசித்ததைப் பார்த்தால் நீதிபதி தோற்றுப்போவார். ஒரு பக்கம் திருட்டு கூடாது. இன்னொரு பக்கம் இது. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"போடும்மா. ஆனா நம்ப கடையில அது பேரு சர்பத்."

லினக்ஸில் ஒரு வசதி உண்டு. எந்தக் கட்டளைக்கும் நமக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். சர்பத் என்று டைப் அடித்தால் ஒயின் வேலை செய்கிற மாதிரி நான் ஒரு வரி எழுதிவிட்டேன். பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த எழுத்தைப் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். அன்றிலிருந்து பாடம் எடுக்கும்போதுகூட நான் சர்பத் என்றுதான் சொன்னேன். அந்த ஏழு பேரும் அதுதான் நிஜப் பெயர் என்று நம்பி நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சர்பத் போட்டதும் கேம் திறந்தது. ஓடியது என்று சொல்ல முடியாது.

பஸ் வந்தது, சக்கரம் வரவில்லை. சக்கரம் இரண்டு தெரு பின்னால் தனியாக வந்துகொண்டிருந்தது. ஏறின பயணிகளுக்குத் தலை இல்லை. ஒருவர் கூரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடித்தால், நாங்கள் டீ வாங்கிக் குடித்து முடித்த பிறகு பொறுமையாகக் கேட்கும். பிரேக்கை இப்போது அழுத்தினால் அடுத்த ஸ்டாப்பில் பிடிக்கும்.

ஏகாம்பரம் அண்ணனுக்கு அதுவே போதுமாக இருந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து அரை மணி உட்காருவார். தலையில்லாத பயணிகளுக்குக் கதவைத் திறந்துவிடுவார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கிளம்பும்போது தானே வாயால் விசில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒரு நாள்கூட வண்டி மூன்றாவது ஸ்டாப்பைத் தாண்டவில்லை. கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

"ரூட்டு முடியட்டும், அப்பதான் மைக்ல சொல்வேன்," என்றார். மனிதர் கறார்.

ரமணாவிடம் கேட்டபோது, தப்பு ஒயினில் இல்லை, டிரைவரில் என்றான். கம்ப்யூட்டர் பாஷையில் டிரைவர் என்றால் ஆள் இல்லை. படம் காட்டுகிற கார்டை இயக்குகிற சின்ன புரோகிராம். புது டிரைவரை ஒரு சிடியில் போட்டுக் காஞ்சிபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். ஏகாம்பரம் அண்ணனே அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

எப்படிப் போடுவது என்று கேட்கத்தான் பூத்துக்குப் போனேன். பாய் கடை போனில் வெளியூர் பேச முடியாது.

கண்ணாடிக்கு வெளியே

நான் வெளியே வந்ததும் அந்தக் காக்கி பேண்ட்காரர் இரண்டு அடி பின்வாங்கினார். பூத்துக்குள் அவர் போகவில்லை. என்னிடம் கேட்டார்:

"ஏம்மா, இங்க பெயிண்ட் கடை மாடியில கம்ப்யூட்டர் சென்டர் எங்க கீது?"

"நான் அங்கதான் போறேன். வாங்க."

வந்தார். ஒரே தெருவில் நடந்தாலும் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடம் விட்டு நடந்தார். பாதி வழியில் மெதுவாகக் கேட்டார்.

"அங்க தனலட்சுமின்னு ஒரு பொண்ணு வேல செய்யுதாம். எப்படி அது?"

எனக்குக் கால் நின்றுவிட்டது. மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியிருப்பதாகவும், பையனுடைய அப்பா டிரைவர் என்றும், சத்தமில்லாமல் வந்து விசாரிப்பார்கள் என்றும் அம்மா போன வாரம்தான் சொல்லியிருந்தாள். அந்த அப்பா இவர். விசாரிக்கப்படுகிற தனலட்சுமி நான். இப்போதுதான் அவர் காதுபட, ஒயினைப் போட்டுக்கொண்டு ஒரு டிரைவரைத் தடமில்லாமல் அழிப்பதாகப் பேசி முடித்திருக்கிறேன்.

"நல்ல பொண்ணு," என்றேன்.

"உங்கூடத்தான் வேல செய்யுதா?"

"ஆமா. ரொம்ப அமைதி."

"அப்பாடா," என்றார். நிஜமாகவே நிம்மதியாக மூச்சு விட்டார்.

படியேறி முடிக்கவில்லை, மேலேயிருந்து ஏகாம்பரம் அண்ணனின் குரல், மைக் இல்லாமலே மைக் போட்ட மாதிரி: "தனம்! இன்னா சொன்னான் அந்தப் பையன்? டிரைவர எப்ப தூக்கப் போற? சர்பத் ரெடியா கீது!"

கோதண்டம் என்பது என்னோடு வந்தவர் பெயர். படியில் அப்படியே நின்றுவிட்டார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஏறி வரவில்லை. கீழே கடைக்குள் போனார். பலகைத் தளம், பேசுவது மேலே கேட்கும்.

"பாய், ஒரு கல்யாண விசயமா வந்திருக்கேன். மறைக்காம சொல்லணும். மேல கீற பொண்ணுக்கு... பழக்கம் ஏதாச்சும்?"

"இன்னா பழக்கம்?"

"குடி."

பாய் பொய் சொல்லாதவர். அன்றைக்குப் பார்த்துக் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம்.

"சேச்சே. நம்ப கடையில சர்பத் மட்டுந்தான். அது வெளிய போயி போன்லதான் ஒயின்னு சொல்லும். உள்ள நான் அந்த வார்த்தையவே சேக்கறதில்ல."

பிறகு கோதண்டம் கேட்டார், குரல் இறங்கியிருந்தது: "டிரைவர தூக்கறதுன்னு சொன்னாங்களே?"

"அது பழசாப் போச்சி, வேற போடறாங்க," என்றார் பாய். "வாங்க, நீங்களே வந்து பாருங்க."

டிரைவர் டிஸ்மிஸ்

பாய் அவரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். வந்தவர் கதவோரமாகவே நின்றார்.

எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. கல்யாணம் போனது போனதுதான், வேலையாவது முடியட்டும் என்று நினைத்தேன். நோட்டைப் பிரித்து வைத்து, ரமணா சொன்ன மாதிரியே ஒவ்வொரு வரியாக அடித்தேன். பழைய டிரைவர் போனது. புது டிரைவர் ஏறியது. மானிட்டர் கறுப்பாகிவிட்டது. பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். ஏகாம்பரம் அண்ணன் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு நிமிஷம் கழித்து வெளிச்சம் வந்தது. சர்பத் என்று அடித்தேன்.

பஸ் வந்தது. சக்கரம் பஸ்ஸோடேயே இருந்தது. பயணிகளுக்குத் தலை இருந்தது, மூக்குகூட இருந்தது. ஜன்னலில் மழை வழிந்தது. என்ஜின் சத்தம், கதவு திறக்கிற சத்தம், எல்லாம் அந்தந்த நேரத்தில் கேட்டன.

ஏகாம்பரம் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். விசில் அடித்துக் கிளப்பினார். முதல் ஸ்டாப், இரண்டாவது, மூன்றாவது. உறையவில்லை. சிக்னல் வந்தபோது, நிறம் தெரியாவிட்டாலும் மேல் விளக்கா கீழ் விளக்கா என்று பார்த்து நிறுத்தினார். இருபது நிமிஷத்தில் ரூட் முடிந்தது. கடைசி ஸ்டாப்பில் எல்லோரையும் இறக்கிவிட்டு, என்ஜினை நிறுத்தி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இருபத்தஞ்சி வருசம்," என்றார்.

அதுவரை கதவோரம் நின்ற கோதண்டம் எப்போது எங்கள் பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது. திடீரென்று பேசினார்.

"வளைவுல செகண்டு போடணும். நீ தேர்டுலயே எடுக்கற. வண்டி கவுந்துடும்."

"கவுழலியே," என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"எழுந்திரு. நான் காட்றேன்."

முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர் அவர். உட்கார்ந்த தோரணையே வேறு. முதலில் கண்ணாடியைச் சரி செய்யக் கையை மேலே தூக்கினார். அங்கே ஒன்றும் இல்லை. காலால் கிளட்சைத் தேடினார். மேஜைக்கு அடியில் இருந்த என் டிபன் பாக்ஸ்தான் கிடைத்தது. அதை மிதித்துக்கொண்டே அம்புக்குறி பட்டனை அழுத்தினார்.

பஸ் கிளம்பி, நேராகப் போய், ஒரு பூக்கடைக்குள் நுழைந்தது.

"பிரேக் எங்கம்மா, பிரேக்?" என்று கத்தினார். கண்டுபிடிப்பதற்குள் ஒரு காரையும் ஒரு சிலையையும் இடித்துவிட்டார். பயணிகள் எல்லோரும் ஒரே குரலில் ஏதோ பாஷையில் திட்டினார்கள். அப்புறம் திரை முழுக்கச் சிவப்பாகி, தொப்பி போட்ட ஒரு அம்மாள் வந்து தலையைத் தலையை ஆட்டினாள். பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை.

"இன்னா எழுதிக்கீது?" என்றார் கோதண்டம்.

ஏகாம்பரம் அண்ணன் அந்தத் திரையை நன்றாக அறிந்தவர். "வேல போச்சின்னு அர்த்தம்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

கோதண்டத்தின் முகம் செத்துவிட்டது. "இன்னாய்யா இது அநியாயம்? மெமோ குடுக்கல, விசாரண வெக்கல, எடுத்த எடுப்புல டிஸ்மிஸ்ஸா?"

"ஆக்சிடென்ட் மூணு ஆச்சே."

"சர்வீஸ் பாக்க வேணாமா? முப்பது வருசம் ஓட்டியிருக்கேன், அந்தம்மாகிட்ட சொல்லு!"

பாய் அவரைத் தேற்றி, ஒயினும் டிரைவரும் வெறும் கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று விளக்கினார். கீழேயிருந்து நிஜமான சர்பத் வரவழைத்துக் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டு கோதண்டம் என் பக்கம் திரும்பினார். பெண் பார்க்க வந்தவர் முதன்முதலாகப் பயமில்லாமல் என்னைப் பார்த்தது அப்போதுதான்.

"திருப்பி வேலைக்கு சேத்துக்குமாம்மா?"

"மறுபடியும் ஆரம்பிச்சா சேத்துக்கும் மாமா," என்றேன். மாமா என்று எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைகள்

மறுநாள் ஏகாம்பரம் அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காலையிலேயே மைக் முழங்கியது.

"வந்தவாசி செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது. பஜார் தெரு பெயிண்ட் கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு. செங்கல்பட்டு வண்டி ஐந்து நிமிடம் தாமதம். கம்ப்யூட்டருக்கு முந்துங்கள்."

ஒரே மூச்சில் சொல்லுவார், எது பஸ், எது வகுப்பு என்று பிரிக்க மாட்டார். வந்தவாசிக்குப் போக வேண்டிய ஒரு அம்மா மூட்டையோடு மாடியேறி வந்து, "இங்கதான் ஏறணுமா?" என்று கேட்டது. ஆனால் ஆட்களும் வந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் இருபத்திரண்டு பேர். பாய் கோடவுன் பேச்சை எடுக்கவே இல்லை.

கோதண்டம் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தார். அன்றுதான் அவருக்கு வார லீவு. மதுராந்தகத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பத்து மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்.

கேமுக்கு வேண்டிய அந்தப் படக் கார்டு ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஏகாம்பரம் அண்ணனும் வந்துவிட்டால் யார் முதலில் என்று தகராறு. கடைசியில் பாய் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினார். குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்ததைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிற ஊர் எங்கள் ஊர். அதனால் முடிவை இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஏகாம்பரம் அண்ணன் புதுப்புது ரூட்டெல்லாம் முடித்துக்கொண்டிருந்தார். கோதண்டத்தால் பூக்கடையைத் தாண்ட முடியவில்லை. தாண்டினால் சிலை. அந்தத் தொப்பிக்கார அம்மாள் வாரம் நாலு தடவை அவரை வேலையை விட்டு நீக்கினாள்.

எங்கள் வீட்டில் நிலைமை வேறாக இருந்தது.

"வாராவாரம் வர்றாரே, இன்னா அர்த்தம்?" என்று அம்மா பூரித்துப்போயிருந்தாள். "பொண்ண இவ்ளோ தரம் வந்து பாத்த சம்மந்திய நான் கேள்விப்பட்டதே இல்ல. ஒன்ன ரொம்பப் புடிச்சிப்போச்சி."

"அவரு என்னைப் பாக்க வரலம்மா. பஸ்ஸு ஓட்ட வர்றாரு."

"டிப்போவுல பஸ் இல்லாமயா இங்க வந்து ஓட்றாரு? சும்மா இரு."

அப்பா பெண்ணைப் பெற்றவர். தானாகப் போய் என்ன முடிவு என்று கேட்கக் கூச்சப்பட்டார். பதில் வரவில்லை. வேறு ஜாதகம் பார்க்கவும் முடியவில்லை. அம்மா அதற்குள் சொந்தக்காரர்கள் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். ஆடி போய் ஆவணி வந்தது. பஸ்ஸில் கூட வருகிறவர்கள், "என்னிக்கு பத்திரிகை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்தப் பையனை நான் போட்டோவில் பார்த்ததோடு சரி. வேண்டுமா, வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் வந்தால் போதும் என்றிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மாடியில் நானும் அவரும்தான் இருந்தோம். அவர் பூக்கடையைத் தாண்டினார். சிலையைத் தாண்டினார். வளைவில் செகண்ட் போட்டார். நான் நோட்டு திருத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஸ்டாப்பில் கதவு திறந்தது. பயணிகள் இறங்கினார்கள். தொப்பிக்கார அம்மாள் வரவில்லை.

அவர் முதுகு கொஞ்சம் தளர்ந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"தனம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்கப்பாகிட்ட சொல்லல. உங்கிட்டதான்."

"சொல்லுங்க மாமா."

"எம் பையன் கெட்டவன் இல்ல. ஆனா கல்யாணம் ஆனா உன்ன வேலைக்கு அனுப்ப மாட்டானாம். வூட்லதான் இருக்கணுமாம். நான் சொல்லிப் பாத்தேன். கேக்கல."

கீழே பாய் டப்பா மூடியைத் தட்டி அடைக்கிற சத்தம் கேட்டது.

"எப்ப சொன்னாரு?"

அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல் வாரமே."

"மொதல் வாரமேவா? ரெண்டு மாசம் ஆச்சே மாமா! எங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும். தப்புதான்." அவர் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "சொல்லிட்டா அப்புறம் இன்னா மொகத்த வெச்சிக்கினு இங்க வர்றது? ஒரே ஒரு தபா முழுசா ஓட்டிட்டு சொல்லிடலாம்னு பாத்தேன். இந்தப் பாழாப்போன பூக்கட தாண்டவே வுடல."

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. ரெண்டு மாசம் ஒரு குடும்பத்தையே காக்க வைத்திருக்கிறார், பூக்கடைக்காக. வாயைத் திறந்தேன். ஆனால் அந்தக் காக்கி பேண்டும், மடியில் கிடந்த துண்டும், அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்த விதமும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது கோபத்துக்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது.

அவர் பயந்துபோனார். "அய்யோ, அழுவாதம்மா. வேல வேணாம்னு நீ சொல்லு, நாளைக்கே தட்டு மாத்திடலாம். உன்னாட்டம் பொண்ணு கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும். உனக்கு இன்னா இஷ்டமோ சொல்லு."

அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டதும் பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"எனக்கு வேலை வேணும் மாமா."

"அதான் நானும் நெனச்சேன்," என்றார். "சாயங்காலம் உங்கப்பாவ வந்து பாத்து பதமா சொல்லிட்டுப் போறேன். தப்பு எங்க பக்கம்னே சொல்லிடறேன்."

எழுந்தார். கம்ப்யூட்டரை எப்படி நிறுத்த வேண்டுமோ அப்படி முறையாக நிறுத்தினார், நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினார். கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டு, இறங்காமல் ஒரு கையைச் சுவரில் வைத்தபடி நின்றார். திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

நான் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னேன்:

"வர்ற செவ்வாய்க்கிழமை மெயின்டெனன்ஸ். காலையிலேர்ந்து கரண்ட் இருக்காது. புதன்கிழமை வாங்க."

"புதன் டூட்டியாச்சே," என்றார். இரண்டு படி இறங்கியவர் திரும்பி ஏறி வந்தார்.

"லீவு போட்டுட்டு வரேன்."